கிண்ணியாவின் நாற்பத்தொரு போலிகள்

நான் பாலையூற்றில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு, ஒருநாளும் நேரில் பார்த்திராத பன்னிரண்டாயிரம் பேர் எப்படி வாக்களிக்கிறார்கள் என்று ஆராய்ந்து சம்பளம் வாங்குகிறேன். இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தி நான் களைத்துப் போய்விட்டேன். "கௌசிகா கொம்பியூட்டரில எலெக்சன் பாக்கிறாள்" என்று அவ அயலுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறா. அதில் பெரிய பிழையும் இல்லை.

அந்த அமைப்பின் ஆங்கிலப் பெயரைத் தமிழில் அலைச்சபை என்று வைத்துக்கொள்ளலாம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் சேர்ந்து ஒரு பொது நிதி வைத்திருக்கிறார்கள். எந்தக் கடற்கரையில் எந்த வேலைக்கு அதைக் கொடுப்பது என்பதை பிளாக்செயினில், அதாவது ஏறியதை யாராலும் அழிக்க முடியாத ஒரு பொதுக் கணினிப் பதிவேட்டில், வாக்கெடுப்பு வைத்துத் தீர்மானிப்பார்கள். தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, கந்தோர் என்று ஒரு கட்டடம் இல்லை. ஆளுக்கொரு கணக்கு, கணக்குக்கொரு வாக்கு. மனிதர் கை படாத நீதி என்று அவர்களுக்கு அதில் சரியான பெருமை.

அவர்கள் வாக்களிக்கும் விதத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அந்தப் பெருமை எப்போதோ போய்விட்டது. ஒரு விண்ணப்பத்தைத் திறந்து வாக்கைப் போட்டு முடிக்க அநேகமானவர்களுக்குத் தேத்தண்ணிக்குச் சீனி கலக்கும் நேரம் போதும். வாசிப்பதில்லை. தன் முகத்துக்குப் பதிலாக ஒரு தவளைப் படத்தைப் போட்டிருக்கும் ஒருவர் இருக்கிறார். அவர் எந்தப் பக்கம் போடுகிறாரோ, பொழுதுபடுவதற்குள் நூற்றுக்கணக்கானோர் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். இதை நான் வரைபடம் போட்டு அனுப்பினேன். அருமையான வரைபடம் என்று பாராட்டினார்கள். வரைபடத்தையும் யாரும் வாசிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அவர்கள் பயப்படுவது வேறொன்றுக்கு. ஒரே ஆள் நூறு கணக்குத் திறந்து நூறு வாக்குப் போட்டுவிடுவான் என்ற பயம். அதற்கு ஒரு வடிகட்டி எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஓடவிட்ட முதல் முறையிலேயே நாற்பத்தொரு கணக்குகள் சிக்கின. எல்லாம் ஒரே தொலைபேசி. ஆரம்பக் காசு போட்டது ஒரே ஆள். வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் மட்டும் வாக்கு. ஒவ்வொரு முறையும் நாற்பத்தொன்றும் ஒரே பக்கம். இதைவிடச் சுத்தமான கள்ளத்தை நான் கண்டதில்லை. சந்தோசமாக நீக்கினேன்.

நீக்கிய பிறகுதான் என்ன விண்ணப்பம் என்று பார்த்தேன். கிண்ணியாக் கரையில் மீன் வெட்டிக் காயவைக்கும் வாடியில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு கழிவறையும் தண்ணீர்க் குழாயும். இருபது வாக்கு வித்தியாசத்தில் அது முன்னுக்கு நின்றிருந்தது. நான் நாற்பத்தொன்றை எடுத்ததும் தோற்று, முடிவும் அப்படியே பதிவாகிவிட்டது.

தான் பிடித்த கள்ளக் கணக்குகளைப் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய ஆய்வாளர் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கள்ளனைக் கையும் களவுமாகப் பார்க்கிற ஆசையில்தான் போனேன், பொய் சொல்லக்கூடாது. பாலம் தாண்டி இறங்கி, விண்ணப்பத்தில் இருந்த பெயரைச் சொல்லி விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள்.

றுக்கியா ராத்தாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வாடிப் பெண்களின் சங்கத்துக்கு அவதான் தலைவி. நான் யார் என்பதையும் என்ன செய்தேன் என்பதையும் வாசலிலேயே சொல்லிவிட்டேன். அவ கோபிக்கவில்லை. உள்ளே பார்த்துக் கூப்பிட்டா.

"சுஹைரா, பஸ்மியா, இங்க வாங்க. நம்மள இல்லயெண்டு சொன்ன புள்ள வந்திரிக்கி!"

கொஞ்ச நேரத்தில் அறை நிறைந்துவிட்டது. செதில் ஒட்டிய கைகளும் உப்பு வாசமுமாகப் பெண்கள் வந்து நின்று, கலியாண வீட்டில் பொம்பிளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

"ஏன் ராத்தா வெள்ளிக்கிழமை மட்டும் வாக்குப் போடுறீங்கள்?" என்று கேட்டேன்.

"ஆம்புளயள் ஜும்மாவுக்குப் போற நேரந்தானே வீடு எங்களுக்கு. அப்பதான் ஒவ்வொருத்தியா வந்து இதுல இரிந்து அமத்திட்டுப் போவாங்க."

"எல்லாரும் ஒரே ஃபோனிலயா?"

"வேற ஆருட்டயும் நல்ல ஃபோன் இல்லயே. இதுவும் கத்தார்ல இரிக்கிற தம்பி நஸ்ரி அனுப்பினது. கணக்குத் தொறக்கக் காசு போட்டதும் அவன்தான்."

"அதுசரி, எல்லாரும் எப்பவும் ஒரே பக்கம் போடுறீங்களே?"

இந்தக் கேள்விக்கு அவவுக்குச் சற்று ரோசம் வந்துவிட்டது. "கதச்சுத்தானே போடுற! எங்கட விசயம் வாறதுக்கு முன்னுக்கு வேற ஊர் விசயம் மூண்டுக்குப் போடோணுமெண்டு சட்டமாம். பிலிப்பைன்ஸ்ல கடலோரம் ஒரு கண்டல் காடு வைக்கிறதுக்குப் போடச் சொல்லி வந்திச்சி. நஸ்ரி வாசிச்சுச் சொன்னான். ரெண்டு கிழம கதச்சம். இந்தா நிக்கிறாவே பஸ்மியா, அவ கடசி வரைக்கும் ஏலாதெண்டுதான் நிண்டா. பொறகுதான் ஒத்துக்கிட்டா."

"அந்தக் காட்டால அந்த ஊராக்களுக்கு என்ன பிரயோசனமெண்டு ஒழுங்கா எழுதயில்ல" என்றா பஸ்மியா, இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளாதவ போல.

பன்னிரண்டாயிரம் பேர் உள்ள சபையில் ஒரு விண்ணப்பத்தை இரண்டு கிழமை கதைத்துவிட்டு வாக்களித்தவர்களை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர்களைத்தான் மனிதர் இல்லை என்று நீக்கியிருக்கிறேன். தலையை எங்காவது கொண்டுபோய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சுஹைரா சின்னப் பெண். ஆறு மாதக் கர்ப்பிணி. அந்தக் கரையில் ஒதுங்க ஒரு மறைவு இல்லை. விடிவதற்கு முன்பே வேலைக்கு வருகிறவர்கள் மத்தியானம் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால் யாரும் தண்ணீரே குடிப்பதில்லை. அவளுக்கு இரண்டு தரம் சிறுநீரில் கிருமி வந்து காய்ச்சலும் வந்துவிட்டது. "டொக்டர் நல்லாத் தண்ணி குடிக்கச் சொல்றாரு அக்கா. குடிச்சா எங்க போற?" என்றாள் என்னிடம். அரசாங்கத்தில் அவர்கள் ஏறி இறங்காத படியில்லை. அந்தக் கரைத்துண்டு எந்தத் திணைக்களத்துக்குச் சொந்தம் என்பதே இன்னும் முடிவாகவில்லையாம்.

"நீக்கின கைதானே, நீங்களே திரும்பச் சேத்துவிடுங்க புள்ள" என்றா றுக்கியா ராத்தா.

"ஓம் ராத்தா. நான் சேர்த்துவிடுறன்" என்றேன். என் வாய் அப்படி. மூளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசிப் பழக்கமில்லை.

வீடு திரும்பியதும் சபையின் ஒருங்கிணைப்பாளன் யோனாஸிடம் பேசினேன். நல்ல பையன். குரலை உயர்த்தாமல், சிரித்த முகத்தோடு கழுத்தை அறுப்பான்.

"அவர்கள் உண்மையான ஆட்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டான்.

"நான் போய்ப் பார்த்தேன். தேத்தண்ணி தந்தார்கள்."

"அது உங்கள் சொல் மட்டும்தானே, கௌசிகா."

பதிவான முடிவை மாற்ற அவனாலும் முடியாது, என்னாலும் முடியாது என்றான். பிளாக்செயினில் ஏறியது ஏறியதுதான். செய்யக்கூடியது ஒன்றுதான்: நாற்பத்தொரு பேரும் தங்களை நிரூபித்துக்கொள்வது. அதற்கு ஒரு செயலி இருந்தது. தலைமயிரும் இரண்டு காதும் தெரிய முகத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்ட வேண்டும். அது பதிவாகிவிடும்.

மறுபடி கிண்ணியாவுக்குப் போய் இதைச் சொன்னபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

"எவ்வளவு காலத்துக்கு வெச்சிரிப்பாங்க?" என்று கேட்டா றுக்கியா ராத்தா.

"எப்பவும் இருக்கும்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பஸ்மியாதான் வாயைத் திறந்தா.

"ஒதுங்கிற நேரம் ஆரும் பாக்கப்புடாதெண்டுதானே நாம கக்கூஸ் கேட்ட. அதுக்கு ஒலகம் முழுக்கத் தலயத் தொறந்து காட்டச் சொல்றாங்களா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் நான் இருந்தாலும் மறுத்திருப்பேன்.

மிச்சம் இருந்த வழி மேன்முறையீடு. ஒருவர் நேரில் போய்ப் பார்த்து உறுதிப்படுத்தினால் அதையும் அத்தாட்சியாக ஏற்கலாம் என்று ஒரு புதிய தீர்மானத்தை நானே எழுதிச் சபையின் வாக்குக்கு விட்டேன். அந்த நாற்பத்தொரு பேருக்கு அதில் வாக்கில்லை. அவர்கள்தான் இல்லாதவர்கள் ஆயிற்றே.

இது எப்படி முடியும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. எழுதும்போதே என் வரைபடங்கள் எனக்குச் சொல்லிவிட்டன. ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஆய்வாளர் வாக்காளரிடம் ஆதரவு கேட்கக்கூடாது என்ற விதியையும் மீறித் தவளைப் படக்காரருக்கு நீளமாக எழுதினேன். சுஹைராவைப் பற்றி எழுதினேன், வெள்ளிக்கிழமையைப் பற்றி எழுதினேன், கண்டல் காட்டுச் சண்டையைப் பற்றியும் எழுதினேன். படித்தால் கல்லும் கரையும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் படித்தார். பதிலும் போட்டார். உங்கள் கடிதம் என்னை உலுக்கிவிட்டது, ஆனால் நீங்கள் எங்களிடம் கேட்பது நம்பிக்கை, ஒருவரையொருவர் நம்பத் தேவையில்லாத ஓர் உலகத்துக்காகத்தான் நாங்கள் இங்கே கூடியிருக்கிறோம் என்று எழுதியிருந்தார். எழுதிவிட்டு எதிராக வாக்களித்தார். அன்று பொழுதுபடுவதற்குள் எண்ணூற்றுச் சொச்சம் பேர் அவர் பின்னால் போய்விட்டார்கள். என் பக்கம் முப்பது பேர் இருந்தார்கள், என்னையும் சேர்த்து. நான் வரைந்த கோட்டிலேயே எல்லாம் நடந்ததைப் பார்த்தபோது அந்தக் கொம்பியூட்டரைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போல ஆத்திரம் வந்தது. போடவில்லை. அதுதான் எங்கள் வீட்டுக்குச் சோறு போடுகிறது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வடிகட்டி திறமாக வேலை செய்கிறது என்று தவளைப் படக்காரர் புகழ்ந்து எழுத, இதைப்போன்ற மற்ற சபைகளும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டன. வடிகட்டியோடு சேர்த்து, அது பிடித்து பிளாக்செயினில் ஏற்றிய போலிகளின் பட்டியலும் போயிற்று. யோனாஸ் என் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டித்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

ஆடி மாதம் றுக்கியா ராத்தா தொலைபேசியில் வரச்சொன்னா. நஸ்ரி வேறொரு சபையில் இதே கழிவறைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். நாற்பத்தொரு கணக்கும் வாசலிலேயே மறுக்கப்பட்டுவிட்டன. இன்னொரு சபையிலும் அதே கதை.

நான் போனபோது அறையில் முன்னைய கலகலப்பு இல்லை. சுஹைராவை முதல்நாள் வீட்டுக்கு விடாமல் ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்களாம். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. "புள்ளைக்கு ஒண்டுமில்லயாம், இப்போதைக்கு" என்றா றுக்கியா ராத்தா. பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னா: "எங்கட பேர அந்தப் பட்டியல்ல இரிந்து எடுத்து விடுங்க புள்ள. அவங்கட காசும் வேணா, வாக்கும் வேணா. எடுத்துவிட்டாப் போதும். நாங்க புதுசா வேற எடத்துல கேட்டுப் பாக்கிறம்."

"எடுக்க ஏலாது ராத்தா."

"நீங்கதானே எழுதின?"

"எழுதினது நான்தான். அழிக்க எனக்கும் ஏலாது, ஆருக்கும் ஏலாது."

"இல்லாத ஆக்களெண்டுதானே சொன்ன. இல்லாத ஆக்கள அழிக்கிறதுக்கு என்ன கஸ்டம்?"

அவ என்னைக் குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டா. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்தச் சொல் என் காதுக்கே கேவலமாகக் கேட்டது.

"செரி, என்னெண்டு எழுதியிரிக்கெண்டு காட்டுங்க. நாங்களும் பாப்பம்."

என் தொலைபேசியில் அந்தப் பதிவைத் திறந்தேன். கணக்குகள் ஒவ்வொன்றாக, எழுத்தும் இலக்கமும் கலந்த நீண்ட பெயர்களோடு இருந்தன. றுக்கியா ராத்தா தன்னுடையது எது என்று கேட்டா. காட்டினேன். அதற்குப் பக்கத்தில் இருந்ததைத் தமிழில் வாசிக்கச் சொன்னா.

"ஆள் இல்லை" என்று வாசித்தேன்.

அவ தலையை ஆட்டிவிட்டு எழும்பி, பஸ்மியாவுக்கு இடம் விட்டா. பஸ்மியா தன்னுடையதைத் தானே விரலால் தொட்டுப் பார்த்தா. அவவுக்குப் பின்னால் றிப்காவும் அம்ராவும் வந்தார்கள். யாரும் சண்டை பிடிக்கவில்லை, யாரும் அழவுமில்லை. ஒவ்வொருவரும் வந்து, "என்ட எது?" என்று கேட்டு, நான் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, அடுத்தவருக்கு வழிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் அதே இரண்டு சொல்லைத்தான் வாசித்தேன். அவர்கள் பொறுமையாக நின்றார்கள்.

எல்லாரும் பார்த்து முடிய ஒரு கணக்கு மிஞ்சியது.

"அது சுஹைராட" என்றா றுக்கியா ராத்தா. "அவள் வந்து கேட்டா, அவள்ட பேர் இதுல காணயில்லயெண்டு சொல்லிடுங்க."

ஓம் என்றேன். அவர்களுக்காக என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.