கைப்பிடி வரைந்த கதவு

தியேட்டரின் இடதுபக்கச் சுவரில் பெயின்டர் ஒரு கதவை வரைந்துகொண்டிருந்தார். வலதுபக்கக் கதவு விடியற்காலையிலேயே முடிந்துவிட்டது, ஈரம் காயவில்லை. கைப்பிடிக்கு நிழல்கூடப் போட்டிருந்தார், மகா கலைஞர். மேலே பச்சை எழுத்தில் 'அவசர வழி'.

தீப்பிடித்தால் ஜனங்கள் தப்பிக்க நிஜக் கதவு வைக்கச் சொல்லித்தான் அரசாங்கம் தியேட்டர்காரர்களுக்கு மானியம் கொடுத்தது. முதலாளி அதில் வீட்டுக்கு மாடி எடுத்துக்கொண்டார். பார்க்க வந்த அதிகாரி வாசலிலேயே நின்று காபி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு யாரோ மொட்டைக்கடிதம் எழுத, மானியத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. கதவு இருக்கிறது என்று சாதித்து முதலாளி வழக்குப் போட்டார். இன்று பத்து மணிக்குக் கோர்ட் அனுப்பும் வக்கீல் நேரில் பார்க்க வருகிறார்.

படம் ஓட்டும் ஆபரேட்டர் கீழே இறங்கி வந்தார். முதலாளி மனைவியின் தம்பி. பெயின்டரை முடுக்கிக்கொண்டிருந்த முதலாளி அவர் பக்கம் திரும்பினார்.

"வக்கீல் கேட்டா, கதவு நல்லா தொறக்கும்னு சொல்லிடு மச்சான்."

"சொல்ல மாட்டேன் மாமா. அந்த லெட்டரைப் போட்டதே நான்தான்."

முதலாளிக்குக் கண்மண் தெரியவில்லை. கீழே கிடந்த இரும்புக் குழாயை எடுத்து விளாசினார். முதல் அடியில் ஆபரேட்டரின் பல் தெறித்தது. அடுத்த அடியில் தோள் எலும்பு முறிந்தது.

"என் சோத்தத் தின்னுட்டு எனக்கே குழி பறிக்கிறியா!"

மூன்றாவது அடி தவறி, பெயின்டர் வெளிச்சத்துக்கு வைத்திருந்த விளக்கில் விழுந்தது. விளக்கு உடைந்து, பெயின்ட் கரைக்கும் தின்னர் டப்பாவில் சாய்ந்தது. குப்பென்று பற்றிக்கொண்டது. பெயின்டர் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

புகையில் திக்குத் தெரியாத முதலாளி, வலதுபக்கம் தெரிந்த பச்சை எழுத்தைப் பார்த்துப் பாய்ந்தார். கைப்பிடியைப் பிடித்தார். வழுக்கியது. சுவரை ஓங்கி ஓங்கி அறைந்தார். விரல்கள் கிழிந்து ரத்தம் வழிந்தது.

"தொறங்கடா! யாராவது தொறங்கடா!"

தான் வரையச் சொன்ன கதவு என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. முறியாத கையால் அவர் சட்டையைப் பற்றி வாசல்வரை இழுத்துவந்தது, அடிபட்ட அதே மச்சான்தான்.

வெளியே வக்கீல் பதறிப்போய் நின்றிருந்தார். "அவசர வழி இருக்குன்னீங்களே, அதுல வரலையா?"

முதலாளி உள்ளங்கைகளை விரித்தார். ரத்தத்தோடு ஈரப் பெயின்ட்.

"இதுதாங்க அந்த வழி. கேஸ வாபஸ் வாங்கிக்கிறேன், எழுதிக்குங்க. சர்க்கார் பணந்தானேன்னு தின்னேன். உள்ள ஜனங்க இருந்திருந்தா அத்தனை பேரும் அந்தச் சுவத்துல முட்டியே செத்திருப்பாங்க. ஊர்ப்பணத்துல கை வைக்கிறவன் ஊர் உயிர்லதான் கை வைக்கிறான். மொதல்ல என் மச்சான ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!"