சூட்டோடு கட்டிய மாவு

வட அமெரிக்கக் காடுகளில் வாழும் எங்கள் செனகா இனத்து ஊர்களில் ஆண்கள் சண்டைக்குப் போவதாக வாய்கிழியப் பேசலாம். பெண்கள் சோளம் வறுத்துக் கொடுக்காவிட்டால் ஒருவனும் காட்டுக்குள் கால் வைக்க மாட்டான். எதிரியின் காட்டில் அடுப்பு மூட்ட முடியாது, புகை காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கை மாவு, மேலே தண்ணீர், அவ்வளவுதான் சாப்பாடு.

அந்த ஆண்டு அறுவடைக்குப் பிறகு, பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் எங்கள் நீண்ட வீட்டின் பெண்கள் எல்லோரும் வறுக்கச் சம்மதித்தார்கள், என் அக்கா கஹானோவைத் தவிர. அவளுடைய மூத்த மகன் தெற்கே சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. மிச்சமிருந்த ஒரே பிள்ளை ஹயெந்தோவும் இப்போது கிளம்பி நின்றான்.

"நீ குடுக்கலேன்னா அடுத்த வீட்டுல வாங்கிட்டுப் போவேம்மா. அப்புறம் ஊரே உன்னைப் பாத்துத்தான் சிரிக்கும்."

அவள் எழுந்துபோய் அடுப்பின் முன் வறுக்க உட்கார்ந்தாள். சுடுசாம்பலில் சோளத்தைப் புரட்டி, அது சிவந்து சடசடத்ததும் சலித்தெடுத்து, மர உரலில் இடித்து, மேப்பிள் மரத்துச் சாற்றில் காய்ச்சிய சர்க்கரையைக் கலந்தாள். அவள் கைப்பக்குவம் யாருக்கும் வராது. அப்படிப்பட்டவள் கை பொறுக்காத சூட்டிலேயே மாவை மான்தோல் பைக்குள் கொட்டி வாயை இறுக்கியபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அக்கா, ஆறவே இல்லையே! சூட்டோட கட்டினா வேர்த்துப் பூசணம் புடிச்சிரும்."

"புடிக்கட்டும்டி. திங்க வழியில்லாம பாதியில திரும்பி வருவான். மானம் போனா போகுது, உசிரு மிஞ்சும்ல?"

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவள் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

ஹயெந்தோ பையை முகர்ந்து பார்த்தான். "சின்னம்மா, பாருங்க, கூட வர்ற இவனுங்க எல்லாம் எங்கம்மா மாவுக்கு எங்கிட்டதான் வந்து பல்லிளிக்கப் போறானுங்க" என்று சிரித்துவிட்டுப் போனான்.

கஹானோ தினமும் அவனுக்கென்று கூழ் எடுத்து வைத்தாள். பாதை பார்த்துக் கண் பூத்துப்போனது. முதல் பனி விழுந்தபோது மற்றவர்கள் திரும்பினார்கள். படையை நடத்திப்போன தெகானே உள்ளே வந்து, காலிப் பையை அவள் மடியில் வைத்தான். அவனுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்தியது.

"மாவு இருக்கிறவன் எதுக்கக்கா தீ மூட்டணும்? தனியா ஒதுங்கிப்போயி முயலைச் சுட்டிருக்கான் பாவிப்பய. புகையைப் பாத்துட்டு எதிரிங்க வந்துட்டானுங்க. நாங்க ஓடிப்போறதுக்குள்ள அம்பு நெஞ்சுல ஏறிடுச்சு. தீந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்க பையிலேருந்து அள்ளிக் குடுத்திருக்க மாட்டமா? வேணுமாடான்னு நாங்க கேட்டப்பவும், எங்கம்மா மாவே ஏகப்பட்டது கெடக்குன்னான். ஒரு வாய் குடுடான்னா பையைத் தொடவே விடல. கஞ்சப்பயன்னு கிண்டல் பண்ணினோம்."

பிறகு அவன் குரல் இறங்கியது. "உசிரு போறப்ப ஒண்ணுதான் சொன்னான். மாவு கடைசி வரைக்கும் நல்லா இருந்துச்சுன்னு எங்கம்மாகிட்ட சொல்லிடுன்னான்."

அவன் போன பிறகு கஹானோ பையின் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பார்த்தாள். பிள்ளை ஆற்றில் நன்றாகவே கழுவியிருந்தான். தையலோரத்தில் மட்டும் பச்சைப் பூசணம் ஒட்டியிருந்தது. எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

"நல்லா இருந்துச்சாம்டி" என்றாள்.