பல்லில் இல்லாத வலி

ஓட்டலின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிப்பது அவள் வேலை. அவள் மடித்தால் விரிப்பு அட்டை மாதிரி நிற்கும். அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் மடிப்பக்கா.

வீட்டில் இதயம் என்றால் அது கணவருடையதுதான். போன வருஷம் சாப்பிட உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பிழைத்து வந்ததிலிருந்து உப்பு, எண்ணெய், டிவியின் சத்தம் எல்லாம் அந்த இதயத்தைக் கேட்டுத்தான் நடந்தன. மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், முணுமுணுப்பவரை நடைக்குக் கிளப்புவதும் அவள் பொறுப்பு.

கொஞ்ச நாளாக அவளுக்குத் துணி மூட்டையைத் தூக்கினால் முதுகின் மேல்பக்கம் பாரமாக அழுத்தியது. படியேறினால் மூச்சு வாங்கியது. தெருமுனை டாக்டர் பேனாவை மூடாமலே சொன்னார்: "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு இதெல்லாம் இருக்கும்மா. கேஸ், டென்ஷன், அவ்வளவுதான்."

"என்ன, என்னைப் பாத்து காப்பி அடிக்கிறியா?" என்று கணவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

பிறகு இடது தாடை வலிக்க ஆரம்பித்தது. கடைவாய்ப் பல்தான் என்று முடிவு கட்டி, வேலை முடிந்ததும் பல் டாக்டரம்மாவிடம் போனாள். மாடியில் கிளினிக். ஏறி முடிப்பதற்குள் வியர்வையில் ரவிக்கையெல்லாம் நனைந்துவிட்டது.

டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"உதடு மரத்துப் போச்சு. வலி மட்டும் அப்படியே இருக்கு."

டாக்டரம்மா கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். அந்தக் குளிர் அறையிலும் வியர்த்திருந்த நெற்றியைப் பார்த்தாள்.

"படியேறும்போது வலி கூடுச்சா?"

"ஆமா."

"இது பல்லு மாதிரி தெரியலம்மா. இதயமா இருக்கலாம்."

"இல்லம்மா," என்றாள் அவள், குழறும் வாயோடு. "இதயம் எங்க வீட்டுக்காரருக்கு."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, போட்டிருந்த கோட்டோடு தானும் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். "பெரிசா ஒண்ணும் இல்லையே, நெஞ்சு வலியும் இல்லங்கிறாங்க," என்றான் அவசரப் பிரிவு டாக்டர்.

"ரத்தப் பரிசோதனை பண்ணுங்க. மறுபடி ஈசிஜி எடுங்க. அதுவரைக்கும் இவங்கள அனுப்பக் கூடாது," என்றாள் டாக்டரம்மா.

ரத்தம் சொல்லிவிட்டது, மாரடைப்பேதான் என்று. கையிலுள்ள ரத்தக் குழாய் வழியே இதயம் வரைக்கும் மெல்லிய கம்பி போயிற்று. திரையில் கறுப்பாக ஏதோ துடித்தது. யார் வீட்டுச் சமாச்சாரமோ போல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் வரவேண்டுமே என்று தோன்றியது. வரவில்லை.

அடைப்பில் ஸ்டென்ட் வைத்த இதய டாக்டர் மறுநாள் கட்டிலருகே வந்தார். "எல்லாருக்கும் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு விழுற மாதிரி வராதும்மா. அதுவும் பொம்பளைங்களுக்குத் தாடை, முதுகு, குமட்டல், காரணமில்லாத அசதின்னு வந்து ஏமாத்திடும். நீங்களும் கவனிக்க மாட்டீங்க, நாங்களும் கோட்டை விட்டுடுவோம். இதயத் தசை கொஞ்சம் செத்துப் போச்சு. மிச்சத்தப் பாத்துக்கலாம்."

தலையாட்டினாள். செத்துப்போன இடம் எது என்று உள்ளே தேடிப் பார்த்தாள். எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது.

கணவர் வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என் மாத்திரைய எங்க வச்சிருக்க?" என்றார்.

"ஃபிரிட்ஜ் மேல."

அவர் முகம் கோணியது. கேட்டது என்னவென்று அப்போதுதான் அவருக்கே உறைத்தது போலும். அவளுக்குக் கோபம் கூட வரவில்லை.

வீடு திரும்பிய பிறகு ஒரு மாலை, சமையலறையில் நின்றவளின் முன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு. மூச்சு வாங்குதா?"

அவள் யோசித்தாள். இத்தனை வருஷத்தில் அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"தெரியல," என்றாள். "கவனிச்சுப் பாத்துத்தான் சொல்லணும்."

அவர் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.