சாவி இருந்தவன்

வெண்டிக்கு எதையும் அரைகுறையாக வாங்கத் தெரியாது. தையல் கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றிய அன்றே மிஷினோடு நாற்பது நூல்கண்டும் வாங்கியவள். இந்தப் பனிக்காலத்தில் அவளுக்குப் பூட்டுத் திறக்கும் பித்து பிடித்திருந்தது. சாவியில்லாமல், வெறும் கம்பியால், பொழுதுபோக்காக. அமெரிக்காவின் வடகோடியில், டுலூத் ஊர்ப் பனியில் ஏதாவது ஒரு பித்து பிடிக்காவிட்டால் மனிதன் உருப்படியாகப் பனி உருகும் ஏப்ரல் மாதத்தைப் பார்க்க முடியாது.

பியர்க்கடையின் பின்னறையில் சனிக்கிழமை மதியம் பூட்டுச் சங்கம் கூடும். பில் டூர்வில் என்ற பல் டாக்டர்தான் அதற்குத் தலைவர். வாரமெல்லாம் ஊராரின் வாயைத் திறக்கிறவருக்கு அலுப்பே கிடையாது போலிருக்கிறது.

வெண்டி ஃபோனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "டாக்டர், இதப் பாருங்க. ஐம்பத்திரண்டு கம்பி. தோல் உறை வேற. வாங்கிடட்டுமா?"

"தாராளமா வாங்குங்க. கூடவே ஒரு குப்பைத் தொட்டியும் வாங்கிடுங்க, நாப்பத்தெட்டைப் போடணும்ல."

மேஜையே சிரித்தது. பக்கத்தில் இருந்த கார்லா, "நானும் அதையே வாங்கி ஏமாந்தவதான்டி. இப்ப அதை வெச்சு என் பூனை விளையாடுது," என்றாள்.

"ஆரம்பத்துக்கு உள்ள நெம்ப ரெண்டு கொக்கி, பூட்டைத் திருப்ப ரெண்டு முறுக்குக் கம்பி. அவ்ளோதான்," என்றார் பில். "ஆனா ஓரம் வழவழன்னு தீட்டியிருக்கணும். மட்டமான கம்பின்னா பூட்டோட உள்பக்கத்தையே பிராண்டி வெச்சிடும். என் கம்பியில பழகிப் பாத்துட்டு அப்புறம் வாங்குங்க. பூட்டு கொண்டாந்தீங்களா?"

கொண்டுவந்திருந்தாள். அடுத்தவர் பூட்டைத் தொடக்கூடாது, கதவில் புழங்குகிற பூட்டையும் தொடக்கூடாது என்பது சங்கத்தின் கட்டளை. அதனால் மேஜை இழுப்பறையில் சும்மா கிடந்த பழைய வாசல் பூட்டை எடுத்து வந்திருந்தாள். மூன்று வருடங்களுக்கு முன் அவளே கழற்றிப் போட்டது.

கழற்றிய காரணம் அவள் தம்பி கர்ட். வேலை போய், கையில் ஒரு பையோடு வந்து அவள் வீட்டில் தங்கியிருந்தான். ஒருநாள் அம்மாவின் மோதிரத்தைக் காணோம். ஜன்னல் உடையவில்லை, கதவு உடையவில்லை. இன்னொரு சாவி இருந்தது அவனிடம் மட்டும்தான். இல்லை இல்லை என்று அவன் அழுதான். திருடனுக்கு அழத் தெரியாதா என்று கேட்டு, அவன் பையைப் பனியில் வைத்துவிட்டு, அன்றைக்கே வேறு பூட்டு மாட்டினாள். அதற்குப் பிறகு பேச்சு வார்த்தை இல்லை.

புதிதாகப் பழக வருகிறவர்களுக்குப் பூட்டைப் பிரித்து, சுலபமாக இருக்கட்டும் என்று, உள்ளே சாவி பட்டு உயரும் ஊசிகளில் இரண்டை மட்டும் விட்டுத் திரும்ப மாட்டிக் கொடுப்பது பில்லின் வழக்கம். பிரித்தார். சின்னப் பித்தளை ஊசிகள் துணியில் விழுந்தன. பல் பார்க்கும் பூதக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தவர் நிமிரவில்லை.

"இதுல முன்னாடியே யாரோ பழகியிருக்காங்களே?"

"யாருமில்லயே. இழுப்பறையில கிடந்தது."

"அதுக்கு முன்னாடி? சாவி தொலைஞ்சு பூட்டுக்காரரைக் கூப்பிட்டீங்களா?"

"கிடையவே கிடையாது. புதுசா நானே வாங்கி, நானே மாட்டினது."

அவர் கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். "சாவி பட்டா ஊசியோட நுனி மழுங்கித் தேயும். இங்க பாருங்க, நுனியிலயும் பக்கத்துலயும் கோடு கோடா. கம்பி விட்டுக் குத்தின கீறல். அதுவும் மட்டமான கம்பி."

"ஐயோ, ரகசியக் காதலன் வந்திருக்கான்டி!" என்று கார்லா கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

வெண்டி கண்ணாடி வழியே இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு, "சாவி இருக்கறவன் இப்படித் திறப்பானா?" என்று கேட்டாள்.

"சாவி இருக்கறவன் எதுக்குங்க கம்பியோட மல்லுக்கட்டப்போறான்?"

அவள் கோட்டைக்கூட மாட்டாமல் வெளியே போனாள். யாரோ ஒருவன் தன் வீட்டுக்குள் நடந்திருக்கிறான் என்ற பயம் கூட அப்போது அவளுக்கு வரவில்லை. பனியில் வைத்த அந்தப் பைதான் கண்ணில் நின்றது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு, விறைத்த விரலால் தம்பியின் எண்ணைத் தேடினாள். மணி அடித்தது. எடுக்க மாட்டான் என்று நினைத்தபோது எடுத்தான்.

"கர்ட்... நான்தான்."

"என்ன, மோதிரம் கிடைச்சிடுச்சா?"

"இல்லடா."

"அப்புறம் எதுக்குக் கூப்பிடற?"

"நீ எடுக்கலடா. இப்பதான் தெரிஞ்சுது... நீ எடுக்கலன்னு."

"அது எனக்கு மூணு வருஷமாத் தெரியும்," என்றான் கர்ட்.