இரண்டு பொத்தான், இரண்டு ஆள்

வாளித் தொழிற்சாலையில் தகரத்தை அழுத்தி வாளியாக்கும் பிரஸ்ஸை ஓட்டுபவருக்கு அவசரம் என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது, பொருத்தமாகத்தான் வைத்தார்கள். ஏழாம் மாதத்திலேயே பிறந்தவர் அவர். டீயை ஆற்றிக் கொடுப்பதற்குள் பாதியைக் குடித்திருப்பார். ஒருநாள் பஸ் வரவில்லை என்று நடக்கத் தொடங்கி, பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, "ஏன்யா லேட்டு?" என்று டிரைவரைக் கேட்டாராம். டிரைவர் மன்னிப்புக் கேட்டாராம். மன்னிப்புக் கேட்டதை மட்டும் நம்ப முடியவில்லை.

அப்பேர்ப்பட்டவர் நின்று வணக்கம் வைப்பது ஒரே ஒருவருக்குத்தான். பாதுகாப்பு அதிகாரி அக்காவுக்கு. அடுத்த மாதம் ஓய்வு பெறப் போகிற வாட்ச்மேனுக்கும் அவர் அக்காதான். கேன்டீனில் சோற்றைப் பிசைந்துகொண்டே அக்கா, சத்தத்தை வைத்தே, "மூணாம் நம்பர் மோட்டார்ல ஒரு நட்டு லூசாயிருக்கு" என்பார். போய்ப் பார்த்தால் இரண்டு லூசாக இருக்கும். "இன்னொண்ணு இப்பத்தான் ஆச்சு" என்பார். கேட்டுக்குள் நுழைபவரின் நடையைப் பார்த்தே வீட்டில் சண்டையா, குழந்தைக்குக் காய்ச்சலா என்று கண்டுபிடித்து, அன்றைக்கு அவரைக் கிரேன் பக்கம் விடாமல் வாளிக் கைப்பிடி எண்ண உட்கார வைத்துவிடுவார். ஓட்டை நாற்காலிகள் கிடந்த ஓய்வறைக்குக் கட்டிலும் மின்விசிறியும் வாங்க மூன்று வருஷம் மேனேஜரோடு மல்லுக்கட்டியவரும் அவர்தான். அக்கா முற்றத்தில் நின்றால் காக்கைகூடத் தொழிற்சாலையைச் சுற்றிக்கொண்டுதான் பறக்கும். தலையில் ஹெல்மெட் இல்லையே.

வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'விபத்தில்லா நாட்கள்.' முந்நூற்று அறுபத்தைந்து ஆனால் எல்லோரையும் குடும்பத்தோடு இரண்டு பஸ்ஸில் கடற்கரைக்கு அழைத்துப்போவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். அவசரத்தின் வீட்டில் ஒரு மாதமாகப் பை கட்டித் தயாராக இருந்தது.

பலகையில் முந்நூற்று அறுபத்து நான்கு. அன்று காலை அவசரம், கையுறை போட்டால் வேகம் குறைகிறதென்று அதைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு தகரத்தை இழுத்தார். அது இடது உள்ளங்கையில் கோடு கிழித்துவிட்டுப் போனது. ரத்தம் கொட்டியது.

பக்கத்தில் வெல்டிங் செய்துகொண்டிருந்த மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, ஓடி வந்தான்.

"மாமா, முதலுதவி ரூமுக்கு, ஆபீசர் அக்காகிட்ட போயிரலாம்."

"வாயை மூடுறா. போனா பலகை பூஜ்யமாயிரும். அத்தனை பேரும் என்னைத் தூக்கிக் கடல்ல போட்டுருவாங்க."

"பூஜ்யமானா கடலுக்கே போக மாட்டோமே மாமா."

"டேப்பை எடுடா!"

ஒயரில் சுற்றுகிற கறுப்பு டேப். அந்தப் பட்டறையில் ஒயர் அறுந்தாலும் தோல் அறுந்தாலும் அதுதான் மருந்து. ஐந்து சுற்றுச் சுற்றியதும் ரத்தம் நின்றது. ஆனால் கை நிமிரவில்லை.

பிரஸ்ஸுக்கோ இரண்டு கையும் வேண்டும். அதில் ஒரு முழ இடைவெளியில் இரண்டு பொத்தான்கள். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் அறுபது டன் இரும்பு கீழே இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் இரும்புக்கு அடியில் கை இருக்க வழியில்லை. அக்கா பிடிவாதமாக நின்று போட வைத்த ஏற்பாடு அது.

"இடது பொத்தான் உனக்கு, வலது எனக்கு" என்றார் அவசரம். அந்தப் பொத்தான்கள் வந்த ஆறு வருஷத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை.

மூன்று வாளி அழகாக வந்தது. நாலாவது தகரம் கோணலாக உட்கார்ந்தது. வேலையில்லாமல் தொங்கிய இடது கை, யாரையும் கேட்காமல், அதை நேராக்க உள்ளே போனது. வலது கை பொத்தானில். மச்சினன் வேறெங்கோ பார்த்தபடி அமுக்கினான்.

அக்கா அப்போது கிடங்கின் கோடியில் ஓர் ஏணியின் மேல் நின்று அதன் உறுதியைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரே ஆள் அமுக்கினால் இரண்டு பொத்தானுக்கும் சேர்த்து ஒரு 'டக்'தான் கேட்கும். அன்றைக்கு முதல் வாளியிலிருந்தே 'டடக்' என்று கேட்டது. இரண்டாவது வாளிக்கு இறங்கினார். மூன்றாவதுக்கு ஓடினார். ஓடும்போது அவர் கால் தரையில் பட்டதைப் பார்த்தவர் யாருமில்லை. நாலாவதுக்குத் தூணில் இருந்த சிவப்புப் பொத்தானில் அவருடைய உள்ளங்கை விழுந்தது.

இரும்பு நின்றது. அதற்கும் கைக்கும் நடுவே ஒரு காகிதம் நுழைந்திருக்குமா என்று பிறகு வெல்டர்கள் ஒரு வாரம் சண்டை போட்டார்கள். பாதிக் காகிதம் நுழையும் என்று முடிவானது.

அவசரம் கையை வெளியே எடுத்து விரல்களை எண்ணினார். ஐந்து. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை எண்ணினார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா திட்டவில்லை. முதலுதவி அறையில் வைத்து டேப்பை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார்.

"வலிக்குதா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாதீங்க. பாக்கிற எனக்கே வலிக்குது."

காயத்தைக் கழுவிக் கட்டி முடிக்கும்வரை அவசரம் கெஞ்சினார். "ஒரே ஒரு நாள்தான்க்கா பாக்கி. எழுதாதீங்க. எத்தனை வீட்டுல பிள்ளைங்க பையக் கட்டிட்டு உக்காந்திருக்கு!"

"இன்னிக்கு நான் எழுதலன்னா நாளைக்கு இன்னொருத்தர் மறைப்பாரு. அப்ப என் காது எந்தப் பக்கம் இருக்குமோ."

நேரே வாசலுக்குப் போய், எல்லோரும் பார்க்க, எண்ணை அழித்துப் பூஜ்யம் போட்டார். மேனேஜர் வந்து நின்றார்.

"சார், இதுல பாதித் தப்பு என்னோடது. பரிசைக் காட்டி இவங்க வாயை அடைச்சிட்டோம்."

"பலகை வேணும்னு நீங்கதானம்மா கேட்டீங்க?"

"ஆமா சார். அதான் நானே கழட்டுறேன்."

கழற்றினார். ஆணியையும் விட்டுவைக்கவில்லை. பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்குக் காலையில என் ரூமுக்கு வாங்க. உடம்புல என்ன இருந்தாலும் சொல்லுங்க. ஏன்னு கேக்க மாட்டேன்."

வீட்டில் மனைவி அவசரத்தின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அந்தம்மா காதுக்கு ஒரு ஜோடி தோடு செஞ்சு போடணும்யா. என் தம்பிக்கு ரெண்டு அறை." பையை அவிழ்த்துத் துணிகளை அடுக்கிவிட்டுத்தான் பேச்சை நிறுத்தினாள்.

மறுநாள், ஊரே திட்டப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டு போனார் அவசரம். திட்ட யாருக்கும் நேரமில்லை. அக்காவின் அறை வாசலில் வரிசை நின்றது. கேன்டீன் சமையல்காரர் சட்டைக் கையை மடித்து எண்ணெய்க் கொப்புளத்தைக் காட்டினார். கிரேன்காரருக்கு ஒரு வருஷமாகத் தூரப் பார்வை மங்கல். பேக்கிங் ஆளுக்குக் கால் நகம் போய் இரண்டு வாரம். மச்சினன் கண்ணில் பொறி விழுந்ததை வீட்டில் தன் அக்காளிடமே சொல்லாமல் வைத்திருந்தான். அந்தப் பலகை உண்மை பேசியிருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே எண் தேடியிருக்க வேண்டும்.

கட்டுப்போட்ட கையோடு வரிசையை ஒழுங்கு பண்ண நின்ற அவசரம், ஒவ்வொருவரையும் அக்கா முகம் பார்த்துக் கேட்பதை அன்று முழுக்கப் பார்த்தார். மதியத்துக்குள் ஒரு நோட்டு தீர்ந்தது. அக்கா ஒருவரையும் சீக்கிரம் முடிக்கச் சொல்லவில்லை.

சாயங்காலம் வரிசையின் கடைசியில் மேனேஜர் நின்றார்.

"நீங்க எதுக்கு சார் இங்க?" என்றார் அவசரம்.

மேனேஜர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு மாசமாத் தூக்கமே இல்லப்பா."

அவசரம் வழிவிட்டார். உள்ளே அக்கா இரண்டாவது நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினார்.

"உக்காருங்க சார். எப்பலேர்ந்து?"