நேற்று எழுந்ததிலிருந்து

“எவ்வளவு கடன்னு அப்புறம் பாக்கலாம். நேத்து எழுந்ததுலேருந்து சொல்லு.”

எதிரில் உட்கார்ந்திருந்த பையன் திருதிருவென்று விழித்தான். கிரெடிட் கார்டு பில்லைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராக வந்தவன். திட்டினால் தலையைக் குனிந்துகொள்ளலாம், அதற்கு வீட்டிலேயே நல்ல பயிற்சி உண்டு. எழுந்த கதையைக் கேட்டால் என்ன செய்வது? ஆனாலும் ஆரம்பித்தான். எழுந்ததே தாமதம், பஸ் போய்விட்டது, அதனால் டாக்ஸி. ஏன் தாமதம் என்றால், ராத்திரி போனில் விளையாட்டு. விளையாட்டில் சும்மா ஒரு துப்பாக்கி வாங்கினான். இல்லாத துப்பாக்கிக்கு இருக்கிற காசு. சாப்பாட்டைத் தவிர வேறு செலவே கிடையாது என்று சொல்லிக்கொண்டு வந்தவன், எழுந்து போகும்போது தன் கடன் முழுவதும் எங்கிருந்து வந்தது என்று தானே விரல்விட்டுச் சொன்னான்.

கேள்வி கேட்டவளுடைய தொழில் ரகசியம் அவ்வளவுதான். பணம் எங்கே போயிற்று என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நேற்று நீ எங்கே போனாய் என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும், பணமும் கூடவேதான் போயிருக்கும். கல்லூரி கொடுத்த பதவி மாணவர் கடன் ஆலோசகர். மாணவர்கள் கொடுத்த பதவி கழித்தல் மேடம். லிஃப்டுக்குப் பக்கத்தில், முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த அறையை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நாற்காலிகளை அள்ளிக்கொண்டு போனவர்கள் ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள், அதில்தான் வருகிறவர்கள் உட்கார வேண்டும். அதற்கு ஒரு கால் குட்டை. பொய் சொன்னால் ஆடும் என்று அவள் சொல்லிவைத்திருந்ததால் பல பேர் ஆடாமல் உட்காரப் பாடுபட்டார்கள். மேசைமேல் பெரிய பொத்தான்கள் வைத்த ஒரு கால்குலேட்டர். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் அது தானாகவே அணைந்துவிடும். அவள் அப்படி விடுவதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே விரல் போய் ஏதாவது ஒரு பொத்தானைத் தட்டும்.

வியாழக்கிழமைதோறும் வருகிற பெண்ணுக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர் சில்லறை. முதல் தடவை வந்தபோது, கோட்டுப் பையில் கிடந்த சில்லறைவரைக்கும் எண்ணிக்கொண்டு வந்து சொன்னாள் அந்தப் பெண். படிப்புக் கடன் எல்லாருக்கும் இருப்பதுதான், அது வேலைக்குப் போனபிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய தலைவலி. அவள் கழுத்தைப் பிடித்திருந்தது கார்டு. விடுதிக்கு முன்பணம், குளிருக்கு அந்தக் கோட்டு, இரண்டாங்கை லேப்டாப் என்று முதல் வருடத்தில் தேய்த்துவிட்டு, மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்ததில் வட்டி குட்டி போட்டிருந்தது. எதை முதலில் அடைப்பது, எதை நிறுத்துவது என்று மேடம் சொல்லச் சொல்ல அந்தப் பெண் செய்தாள். சொன்னதைச் செய்கிற மாணவர்களை அந்த அறை அதிகம் பார்த்ததில்லை.

அவளுடைய நேற்றுகள் ஒரே மாதிரி இருக்கும். அறைத்தோழி எழுவதற்கு முன்பே எழுந்து, விளக்கைப் போடாமல் கிளம்பிவிடுவாள். வகுப்பு. மத்தியானம் ரொட்டியும் முட்டையும், படிக்கட்டில் உட்கார்ந்து. சாயங்காலம் ஒரு சலவைக் கடையில் துணி மடிக்கிற வேலை. வாராவாரம் ஒரு நீலச் சட்டை வரும், காலர் நைந்தது, அதை மடிக்கும்போது இந்த ஆள் ஏன் இன்னும் புதுச் சட்டை வாங்கவில்லை என்று யோசிப்பாளாம். ஆளைப் பார்த்ததில்லை. துணி கொண்டுவந்து போடுவது காலையில், இவள் மடிப்பது மாலையில். வேறு யாராவது இப்படி நீட்டி முழக்கினால் மேடம், காசு விஷயத்துக்கு வா என்று வெட்டிவிடுவாள். இவளை வெட்டியதில்லை. மழை எப்போது பிடித்தது, டிரையரைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற சூடு எப்படி இருக்கும், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பஸ்ஸுக்கு எவ்வளவு என்பாள். அந்த நேற்றுகளில் ஒரு மனிதர்கூடப் பெயரோடு வரவில்லை என்பதை மேடம் கவனிக்கவில்லை. அவள் படித்த படிப்பில் அதற்குக் கட்டம் இல்லை.

வெட்டாததற்குக் காரணம் இருந்தது. மேடத்துக்கு ஒரு மகன், வேறு ஊரில் படிக்கிறவன். அவனுடைய அப்பா வேறு குடும்பம் தேடிக்கொண்டு போனபிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான், அவனும் படிக்கப் போனபிறகு அவள் ஒருத்திதான். மகனுக்கு அவள் கணக்கிலிருந்தே ஒரு கார்டு கொடுத்திருந்தாள். அவன் எங்கே காசு கொடுத்தாலும் இவள் போனில் டிங் என்று ஒரு தகவல் வந்து விழும். காலையில் பஸ். பிறகு டீக்கடை. மருந்துக் கடை என்று வந்தால் அன்றைக்கு இவளுக்கு வேலை ஓடாது. சாயங்காலம் போன் செய்து, தொண்டை எப்படி இருக்கிறது என்று எதேச்சையாகக் கேட்பதுபோல் கேட்பாள். ஒரு சனிக்கிழமை சினிமாவுக்கு இரண்டு டிக்கெட் என்று வந்தது. இரண்டு. அன்று முழுவதும் அவள் தனக்குள் சிரித்துக்கொண்டே வீடு துடைத்தாள். அவனோடு பேசியது வாரத்துக்கு ஒரு தடவைதான், ஆனால் அவனோடு கூடவே இருந்த மாதிரி இருந்தது.

பிறகு அவளேதான் அதைக் கெடுத்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் சொல்கிற உபதேசத்தைச் சொந்த வீட்டுக்கும் சொன்னாள். உனக்குப் பகுதிநேர வேலை கிடைத்துவிட்டது, இனிமேல் உன் பெயரில் கணக்கு வைத்துக்கொள், உன் செலவை நீயே பார், அப்போதுதான் பொறுப்பு வரும். பிள்ளை நல்ல பிள்ளை, கேட்டான். போன் அடங்கிவிட்டது. இப்போது பேசினால், “நல்லா இருக்கேன்மா, சாப்ட்டேன்மா” என்கிறான். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், “சாப்பாடுதான்” என்கிறான். முன்பெல்லாம் அவளுக்கே தெரியும்.

அந்தப் பெண் கார்டுக் கடனின் கடைசித் தவணை கட்டிய வியாழக்கிழமை, மேடம் கத்தரிக்கோலை எடுத்தாள். கடன் தீர்ந்தால் கார்டை இரண்டாக வெட்டி, பாதியை மாணவரிடம் கொடுத்துவிட்டு மீதியைக் கண்ணாடி ஜாடியில் போட்டுக்கொள்வது அவள் வழக்கம். ஜாடி பாதிகூட நிறையவில்லை என்பதால் ஒவ்வொரு துண்டும் அவளுக்குப் பெருமை. அந்தப் பெண் தன் பாதியை வாங்கிப் பார்த்தாள். அதில் அவள் பெயரின் பின்பாதி இருந்தது.

“அப்போ வியாழக்கிழமை, மேடம்?”

“இனிமே வியாழக்கிழமை உனக்கு லீவு. நீ ஜெயிச்சிட்டம்மா. இந்தப் பக்கமே வரக்கூடாது.”

வைத்தியர்கள் சொல்வதுபோலத்தான் சொன்னாள், சந்தோஷமாக. அந்தப் பெண்ணும் சிரித்தாள். கதவுவரை போய், பையை மறந்தவள் மாதிரி திரும்பிப் பார்த்தாள். பை தோளில்தான் இருந்தது.

அதற்கப்புறம் சில வியாழக்கிழமைகள் போயின. அந்த நேரத்துக்கு வேறொருவன் வந்தான், நேற்று எழுந்ததிலிருந்து சொல் என்றால், “நேத்து நான் எழுந்திரிக்கவே இல்ல மேடம்” என்று சொல்கிற ரகம். மேடம் நீலச் சட்டையைப் பற்றி ஓரிரு தடவை நினைத்தாள். காலர் இந்நேரம் கிழிந்திருக்கும்.

அப்படி ஒரு வியாழக்கிழமைதான் கதவைத் தட்டிவிட்டு அந்தப் பெண் உள்ளே வந்தாள். வந்து, குட்டைக்கால் நாற்காலியில் உட்கார்ந்து, போனை மேசைமேல் வைத்தாள். திரையில் ஒரு கடன் செயலி. நிமிடத்தில் பணம் தருகிறேன் என்று விளம்பரம் செய்து, வருடக்கணக்கில் வாங்கிக்கொள்கிற வகை.

மேடத்துக்கு வந்த கோபம் அவளுக்கே புதிது. எத்தனையோ பேர் திரும்பக் கடன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், அது தொழிலில் சகஜம். ஆனால் இவளா? வேலியில் போன ஓணானை எடுத்து யாராவது மடியில் விட்டுக்கொள்வார்களா என்று கேட்டாள். கார்டை வெட்டியது எதற்கு என்று கேட்டாள். எதற்காக வாங்கினாய் என்பதை மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தாள். அந்தப் பெண் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலி மட்டும் ஆடியது.

கடைசியில் மேடம் கால்குலேட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் சொன்னாள்.

“சரி. நேத்து எழுந்ததுலேருந்து சொல்லு.”

அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் தோள் இறங்கியது. அறைத்தோழி வேறு அறைக்கு மாறிவிட்டாள், அதனால் இப்போது விளக்கைப் போட்டுக்கொண்டே கிளம்பலாம், ஆனாலும் கை ஸ்விட்சுக்குப் போவதில்லை. படிக்கட்டில் ஈரம், நின்றுகொண்டே சாப்பிட்டாள். நீலச் சட்டை இரண்டு வாரமாக வரவில்லை. அந்த ஆளுக்கு என்ன ஆயிற்றோ. யாரிடம் கேட்பது? வந்தால் நைந்த காலரைத் தைத்துவைக்கலாம் என்று நூல்கூட வாங்கிவைத்திருக்கிறாள். சொல்லிக்கொண்டே போனாள். கடனாக வாங்கிய தொகை பெரியது, ஆனால் அந்த நாளில் அது எங்கேயும் தட்டுப்படவில்லை. நூல் ஒன்றுதான் புதுச் செலவு. மேடம் அதற்கு முந்தின நாளைச் சொல்லச் சொன்னாள், அதிலும் இல்லை. கணக்கைத் திற என்றாள். பணம் வந்தபடியே அப்படியே கிடந்தது.

“தொடவே இல்லையே. அப்புறம் எதுக்கும்மா?”

“வாசல்ல இருக்கிற கவுன்ட்டர்ல அப்பாயின்ட்மென்ட் கேட்டேன் மேடம். கடன் எவ்வளவுன்னாங்க. படிப்புக் கடன் கணக்குல வராதாம், வேற இல்லைன்னேன். இல்லைன்னா கம்ப்யூட்டர் நேரம் குடுக்காதுன்னாங்க. பூஜ்யம் போட்டுக்கூடப் பாத்தாங்க, அது எடுத்துக்கல.” போனைக் காட்டினாள். “வெளிய பெஞ்சுல உக்காந்து இதை வாங்கினேன். இது ஒரு கேள்வியும் கேக்கல.”

மேடம் கை பழகிய வேலையைச் செய்தாள். போனை வாங்கி, பணத்தைத் திருப்பிக் கட்டுகிற பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். வாங்கிய கையோடு முன்கட்டணம் என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் கொடுத்திருந்தார்கள். வந்த பணத்தை அப்படியே கட்டினாலும் பாக்கி நிற்கும், பெரிய பாக்கி இல்லை, அந்தப் பெண்ணின் ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு. கட்டச் சொன்னாள், கட்டினாள். பாக்கி மட்டும் சிவப்பில் நின்றது.

மாணவர்களுக்குக் கைக்காசு கொடுக்கக்கூடாது என்பது இந்த வேலைக்கு வந்த அன்றே அவளிடம் சொல்லப்பட்டது. நல்ல விதிதான், இத்தனை வருடம் மீறியதில்லை. இப்போது கைப்பையை எடுத்து மடியில் வைத்துத் திறந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் பயம் தெரிந்தது. வீட்டு வாசலில் கடன் கொடுத்தவன் வந்து நிற்கப் பார்த்தவர்களின் முகத்தில்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

“வேணாம் மேடம். அது இருக்கட்டும்.”

“வட்டி ஓடும்மா.”

“ஓடட்டும்.”

நேற்று எழுந்ததிலிருந்து சொல் என்று யாராவது கேட்பதற்கு அந்தப் பெண் கொடுக்கிற விலை அந்த வட்டி. இது மேடத்துக்குப் புரிந்தது. மகனுடைய டிங் சத்தத்தை ஏதாவது ஒரு செயலி வட்டிக்கு விற்றிருந்தால் அவளும் அதே பெஞ்சில் உட்கார்ந்து வாங்கியிருப்பாள், விதிமுறைகளைப் படிக்காமல், ஒப்புக்கொள்கிறேன் என்பதை அழுத்தியிருப்பாள்.

பாக்கியைத் தன் கணக்கிலிருந்து கட்டினாள். திரையில் நன்றி, மீண்டும் வருக என்று வந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்துக்கொண்டே, தன் பையை மெதுவாகத் தோளில் மாட்டினாள்.

“உக்காரு. இப்ப நீ எனக்குத் தரணும்.”

“தந்துடறேன் மேடம். சம்பளம் வந்ததும் மொத்தமா…”

“மொத்தமா குடுத்துடாத,” என்றாள் மேடம். யாரிடமும் இதுவரை சொல்லாத ஆலோசனை அது. “கொஞ்சம் கொஞ்சமா குடு. வியாழக்கிழமை வியாழக்கிழமை. வாசல்ல கடன் எவ்வளவுன்னு கேட்டா இதைச் சொல்லு. யாருக்குன்னு கம்ப்யூட்டர் கேக்காது.”

அந்தப் பெண் தலையாட்டினாள். எழுந்திருக்கவில்லை. வெளியே லிஃப்ட் வந்து நின்று, யாரும் ஏறாமல் மூடிக்கொண்டது. அடுத்து வரவேண்டியவன், எழுந்திருக்காத ரகக்காரன், வழக்கம்போல இன்னும் வரவில்லை.

“மேடம்.”

“ம்.”

“நீங்க சொல்லுங்க. நேத்து எழுந்ததுலேருந்து.”

மேடம் சிரித்துவிட்டாள். என் கணக்கெல்லாம் சுத்தம், என்னிடம் என்ன இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பெண் கையை மடியில் கோர்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவசரப்படுத்தாமல், கண்ணை எடுக்காமல் அப்படிக் காத்திருக்க அவள் இந்த அறையில்தான் கற்றிருக்க வேண்டும்.

“அலாரம் வெப்பேன். ஆனா அதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடும்,” என்றாள் மேடம். “எழுந்ததும் போனை எடுத்துப் பாத்தேன்.”

அதோடு நின்றுவிட்டாள். எதிரில் இருந்தவள் எவ்வளவு என்று கேட்கவில்லை.

“அப்புறம்?”

மேசைமேல் கால்குலேட்டர் அணைந்தது. மேடத்தின் விரல் அதன் பக்கம் போகவில்லை.