உப்புத் தண்ணீருக்கு முன்

பாய்த்துணி காகிதம் போல் சடசடத்தது. கட்டிங் டேபிளில் விரித்தபோது நீளத்துக்கு இடம் போதுமாக இருந்தது, அகலம்தான் இரண்டு பக்கமும் வழிந்து தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் திருப்பூர் அருள்புரத்தில் அவர்களது பனியன் யூனிட்டில் ஆட்கள் இல்லை. கவிப்பிரியா தரையைக் கூட்டித் துடைத்து, துணியைக் கீழே விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் நடந்தாள். இருபது வருடமாக அவள் கை பழகியது எல்லாம் இழுத்தால் இழுபடுகிற பின்னல் துணி. இது இழுபடவே இல்லை. இரண்டு ஊசியை உடைத்த பிறகுதான் இந்தத் துணியோடு எப்படிப் பேச வேண்டும் என்று அவளுக்குப் பிடிபட்டது. ஜிக்ஜாக் தையல் ஓட ஓட, வெள்ளை முக்கோணம் மெஷினுக்கு அந்தப் பக்கம் குவிந்துகொண்டே போனது. கணவன் அர்த்தநாரி எதிரில் உட்கார்ந்து, குழந்தையை வாங்குவது போல் இரண்டு கையாலும் அதை வாங்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தான்.

பாயைத் தைத்தாகிவிட்டது என்றால் அடுத்தது கடல்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பாண்டிச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பொழுது போகாமல் ஏறியதுதான் பாய்மரப் படகு. கரையைத் தாண்டியதும் ஓட்டியவர் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாயை ஏற்றினார். அர்த்தநாரி பதினெட்டு வயதிலிருந்து பின்னல் மெஷின் சத்தத்துக்குள் வாழ்ந்தவன். சத்தமே இல்லாமல் இத்தனை பெரிய பொருள் நகர்கிறதே என்று அவன் வாயைத் திறந்தபடி நின்றான். கவிப்பிரியாவோ காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை போய் இரண்டு பேரும் கற்றுக்கொண்டார்கள். திருப்பூரில் நீச்சல் பழகினார்கள். போன வருடம் சிறிய அறை வைத்த பழைய படகு ஒன்று விலைக்கு வந்தது. வாங்கி, லாரியில் ஏற்றி, யூனிட்டின் பின்பக்கத் தகரக் கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கடலிலிருந்து இத்தனை தூரம் தள்ளி, நூல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் அது மல்லாந்து கிடந்த படத்தைப் பார்த்து, கோயமுத்தூரில் படிக்கும் மகள் தேஜஸ்ரீ, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என்ன ஆயிற்று என்று போனில் கேட்டாள். இரண்டு பேருக்கும் ஒன்றுதான் ஆயிற்று என்றாள் கவிப்பிரியா.

திட்டம் எளிமையானது. மாசி பிறந்ததும், வாடைக்காற்று இதமாகும் நேரத்தில், பாண்டிச்சேரியில் கிளம்பிக் கரையோரமாகவே நாகப்பட்டினம் வரை போவது. பகலில் ஓட்டம், சாயங்காலம் ஏதாவது துறைமுகத்தில் ஒதுங்குவது. இருவர் மட்டும். அதற்கு முன் படகு ஒழுகுகிறதா, பாய் நிற்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அவிநாசிப் பக்கம் அர்த்தநாரியின் பங்காளி ஊர்க் குளத்துக்கு அத்திக்கடவுத் திட்டத் தண்ணீர் வந்து நிறைந்திருந்தது. பொங்கல் கழிந்த வாரம் அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள்.

கரை முழுக்கக் கூட்டம். ஆட்டை மேய விட்டுவிட்டு வந்தவர்கள், பனியன் கம்பெனி லீவில் இருந்தவர்கள், எல்லோர் கையிலும் போன். பாய் மேலே ஏறியதும் ஒரு கணம் தொளதொளத்தது. பிறகு காற்று அதற்குள் புகுந்து விறைத்தது. தையல் ஒன்றுகூடச் சுருங்கவில்லை. படகு நகர்ந்தது. கரையில் யாரோ விசில் அடித்தார்கள். சுக்கானைப் பிடித்திருந்த கவிப்பிரியாவின் கைக்குள் ஒரு துடிப்பு வந்தது. தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்து அவளுக்குக் கை கொடுத்தது போல் இருந்தது.

குளத்தின் மறுகரை நெருங்கியதும் திருப்ப வேண்டும். காற்று முதுகுப் பக்கம் இருக்கையில் திருப்பினால், பாயின் அடியில் கட்டியிருக்கும் குறுக்குக் கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு விசையோடு பாயும். அதனால் ஓட்டுகிறவர் முதலில் குரல் கொடுக்க வேண்டும், மற்றவர் குனிய வேண்டும். அவள் குரல் கொடுத்தாள். அர்த்தநாரி அவளுக்குத் தன் இடது பக்கத்தைக் காட்டியபடி முன்னால் பார்த்துக்கொண்டு நின்றான். மறுபடியும் கத்தினாள். கரையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் திரும்பவில்லை. அதற்குள் காற்று பாயைப் பிடுங்கிக்கொண்டது. கட்டை அவன் தோளில் மோத, அவன் தண்ணீருக்குள் போனான்.

மிதவைச் சட்டை அவனை உடனே மேலே தள்ளியது. படகைக் காற்றுக்கு எதிரே நிறுத்தி, அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள். படகைக் கரைக்கு ஓட்டி வந்தாள். அவன் தலையைத் துவட்டிக்கொண்டு, யாரிடமோ குளத்துத் தண்ணீர் நல்ல ருசி என்று சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். கவிப்பிரியா அவன் இடது பக்கமாக, ஓரடி பின்னால் போய் நின்றாள்.

"மாமா" என்றாள், சாதாரணக் குரலில்.

அவன் துவட்டிக்கொண்டே இருந்தான்.

கூட்டம் கலைந்தது. படகை லாரியில் ஏற்றிக் கட்டிய பிறகு, வேப்ப மரத்தடியில் அவன் முகத்துக்கு நேராக நின்று கேட்டாள்.

"எத்தன வருசமாங்க?"

அவன் புரியாதவன் போல் நடிக்கவில்லை. "ஏழெட்டு இருக்கும். எடது காது சுத்தமா இல்ல. வலதும் காத்தடிச்சாக் கேக்காது. மெசின் சத்தம்."

"என்றகிட்டச் சொல்லோணும்னு தோணலீங்களா?"

"காது கேக்காதவன்னு ஒருக்கா பேரு வந்துட்டா, அப்பறம் எல்லாரும் கத்தியே பேசுவாங்க கவி. நீயும் பேசுவ."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் பழசை எண்ணிப் பார்த்தாள். எத்தனை சாயங்காலம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்லியிருக்கிறாள், அவன் டீவியையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். இந்த மனுசனுக்கு என் பேச்சு சலித்துவிட்டது என்று எண்ணி எத்தனை தடவை பாதியில் எழுந்து போயிருக்கிறாள். அவள் சோபாவில் உட்காரும் இடம் எப்போதும் அவனுக்கு இடது பக்கம். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இப்போது அவளுக்குத் தெரியவில்லை. பாயை மடித்து ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினாள். கடலில் அவள் கத்தி அவன் கேட்காமல் போனால் தூக்கி விட யார் இருக்கிறார்கள்.

மறுநாள் காலை அவன் காபித் தம்ளரோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். பயிற்சி கொடுத்த மாஸ்டரிடம் பேசிவிட்டதாகவும், அவர் அவளோடு வர ஒத்துக்கொண்டதாகவும் சொன்னான்.

"நீ போயிட்டு வா. நான் கரையோரமா கார்ல வர்றேன். ஒவ்வொரு ஊர்லயும் உனக்கு முந்தி வந்து நின்னுக்கறேன்."

அவன் அதைத் தியாகம் மாதிரி சொல்லவில்லை. கார் ரோட்டை எல்லாம் மேப்பில் பார்த்து வைத்திருந்தான். கவிப்பிரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. காபி ஆறுகிறது, குடியுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

அன்று மத்தியானம் பின்னல் பகுதிக்குப் போனாள். அவள் தையல் பக்கத்தைப் பார்ப்பவள், இங்கே வருவது அபூர்வம். மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, கதவருகிலேயே காது அடைத்தது. கடைசி மெஷின் பக்கத்தில் அர்த்தநாரி நின்றிருந்தான். இந்தக் கோடியில் நின்ற ஃபிட்டர் அருண்பாண்டி கையை உயர்த்தி இரண்டு விரலைச் சுழற்றினான். அர்த்தநாரி தலையசைத்துவிட்டு உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினான். அருண்பாண்டி உடனே ஒரு மெஷினை நிறுத்தி, அறுந்த நூலை முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்டினான். ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் அர்த்தநாரி அவளைப் பார்த்தான். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், புருவத்தை உயர்த்தினான். சாப்பிட்டாயா என்கிறான்.

அவள் சாப்பிட்டுவிட்டேன் என்று வாயால் சொல்லப் போய், நிறுத்திக்கொண்டு, வயிற்றைத் தட்டிக் காட்டினாள். அருண்பாண்டி சிரித்துவிட்டான்.

சாயங்காலம் அவள் மாஸ்டரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஷிப்ட் முடிந்தும் மெஷின்களை நிறுத்த விடவில்லை. அந்தச் சத்தத்துக்குள்ளேயே இரண்டு பேரும் எதிரெதிரே நின்று ஆரம்பித்தார்கள். தலை மேல் கை வைத்தால் குனிய வேண்டும். விரல்களை மடக்கினால் கயிற்றை இறுக்கிப் பிடி. விரல்களை விரித்தால் விடு. திருப்பப் போகிறேன் என்பதற்கு அவன் ஒன்று காட்டினான். அது கழுத்தை அறுப்பது போல் இருக்கிறது என்று அவள் மறுத்துவிட்டு வேறொன்று கண்டுபிடித்தாள். அவன் பதில் சைகை காட்டாதவரை அவள் சுக்கானைத் திருப்பக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். எப்போதும் அவள் கண்ணில் படுகிற மாதிரியே உட்கார வேண்டும் என்பதும், கோயமுத்தூர் போய்க் காது டாக்டரைப் பார்த்தாக வேண்டும் என்பதும் மற்றவை. அவன் மூன்றுக்கும் கட்டை விரலை உயர்த்தினான். டாக்டர் கொடுத்த கருவி கரைக்கு நல்லது. உப்புத் தண்ணீரில் அதைக் கழற்றித்தான் வைக்க வேண்டும். ஆகவே பழக்கம் தொடர்ந்தது. வீட்டில் குழம்புக்கு உப்புப் போதவில்லை என்பதற்குக்கூடச் சைகை வந்துவிட்டது. வார விடுமுறைக்கு வந்த தேஜஸ்ரீ, இரண்டு பேரும் சத்தமில்லாமல் சண்டை போடுவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

இரண்டாம் முறை குளத்துக்குப் போனபோது காற்று முன்னைவிடப் பலமாக இருந்தது. கவிப்பிரியா தலை மேல் கை வைத்தாள். அவன் பதிலுக்கு வைத்துவிட்டு, குனிந்து கயிற்றை மாற்றினான். கட்டை அவன் முதுகுக்கு மேலே சும்மா போனது. படகு சாய்ந்து, நிமிர்ந்து, வேகம் பிடித்தது. மறுபடி செய்தார்கள். மறுபடியும். கரையில் இருந்தவர்கள் சலித்துப்போய்க் கிளம்பிய பிறகும் இரண்டு பேரும் நிறுத்தவில்லை. போதுமா என்று அவன் கையால் கேட்டான். இல்லை என்று அவள் கையை வீசிய வேகத்தில் தொப்பி பறந்து குளத்தில் விழுந்தது.

மாசி பிறந்த மறுநாள் விடிந்ததும் டிரைவர் கன்னையன் லாரியோடு வந்து நின்றார். வழக்கமாகத் துணி ரோல் ஏற்றிப் போகிற லாரி. படகை ஏற்றி, பாய்மரத்தைப் படுக்கவைத்து, வெளியே நீட்டிய முனையில் சிவப்புத் துணி கட்டினார்கள். காலை ஷிப்டுக்கு வந்த பெண்கள் டிபன் பையோடு கேட்டருகே நின்று பார்த்தார்கள். கடல் பயமாக இருக்காதா என்று ஒருத்தி கேட்டாள். இருக்கும் என்றாள் கவிப்பிரியா. அதைச் சொல்லும்போதும் அவளுக்குச் சிரிப்பாகத்தான் வந்தது.

காரை அவளே ஓட்டினாள். பல்லடம் ரோட்டில் லாரிக்குப் பின்னால் போனார்கள். கம்பெனி பஸ்கள் எதிரே வந்துகொண்டிருந்தன. காங்கயத்தை நெருங்கும்போது அர்த்தநாரி முன்னால் கை காட்டினான். படகின் பின்புறம் சுக்கானைக் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து தொங்கியது.

"கட்டு அவுந்துருச்சு கவி. நிறுத்தச் சொல்லட்டுமா?"

"அடுத்த டீக்கடையில பாத்துக்கலாமுங்க."

லாரியின் வேகத்தில் எதிர்க்காற்று படகைச் சுற்றிக்கொண்டு வந்தது. யாரும் தொடாமலே சுக்கான் மெல்ல இடது பக்கம் திரும்பியது, சற்று நின்றது, பிறகு வலது பக்கம் திரும்பியது.